இருநூற்றுப் பதினாறு தேங்காய்க்கு ஏற்ற ஸ்பிரிங்

1. புல்லில் நின்ற கார்

தைப்பூசம் முடிந்து வந்த சனிக்கிழமை, காலை பதினொரு மணி இருக்கும். ஈப்போவில் எங்கள் கார் சாமான் கடைக் கவுண்டரில் உட்கார்ந்து நாசி லெமாக் சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்திருந்தேன். விரதம் முடிந்த வாரம் என்பதால் இரண்டு முட்டை சொல்லியிருந்தேன். போன் அடித்தது. குணசேகரன் சார்.

"தேவகி, ரேஸ் டிராக்லருந்து பேசுறேன் மா."

"சொல்லுங்க சார். எப்படி ஓடுது?"

"ஓடல. நிக்குது. புல்லு மேல நிக்குது."

"பஞ்சரா சார்?"

"பஞ்சர் எல்லாம் இல்ல. வளைவுல நான் கொஞ்சம் திரும்பினேன், காடி ரொம்ப திரும்பிடுச்சு. இப்போ நான் வந்த வழியப் பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருக்கேன். போறவன் வர்றவன் எல்லாம் கை காட்டிட்டுப் போறான். அத்தன பேரும் என்கிட்ட படிச்சவனுங்க மா."

சாருக்கு அடி இல்லை, காருக்கு ஒரு கீறல்கூட இல்லை. அதைக் கேட்டு உறுதி செய்துகொண்ட பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. ஆனால் முட்டை இறங்கவில்லை. அந்தக் காருக்கு ஸ்பிரிங்கும் ஸ்வே பாரும் தேர்ந்தெடுத்துக் கொடுத்தது நான். முப்பது வருடத்தில் நான் ஸ்பிரிங் போட்ட எந்தக் காரும் பின்னோக்கி நின்றதில்லை.

போனை வைப்பதற்கு முன் சார் குரலைத் தாழ்த்தினார்.

"இது பவானிக்குத் தெரிய வேணாம், சரியா?"

2. ஸ்பிரிங் அக்கா

என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். இந்தக் கடையில் பில் எழுதத்தான் சேர்ந்தேன். கடை முதலாளி லியோங், நாங்கள் தவுக்கே என்போம். அவர் பெட்டியைத் திறந்து ஸ்பிரிங் எடுத்துக் கொடுப்பதைப் பார்த்துப் பார்த்து, இரண்டு வருடத்தில் எந்தக் காருக்கு எது பொருந்தும் என்று எனக்கு அத்துப்படியாகிவிட்டது. மூன்றாவது வருடம் தவுக்கே என்னைக் கேட்டுத்தான் பெட்டியைத் திறந்தார். நான்காவது வருடம் நானே சட்டையை மாற்றிக்கொண்டு காருக்குக் கீழே போய்விட்டேன். இப்போது ஈப்போவிலிருந்து சுங்காய் வரைக்கும் நான் ஸ்பிரிங் அக்கா. இந்தப் பெயரில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. இல்லை என்று சொன்னால் சாமி கண்ணைக் குத்தும்.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஸ்பிரிங் வேறு, ஸ்வே பார் வேறு. கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவார்கள். ஸ்பிரிங் காரின் எடையைத் தாங்கும். குழியில் விழுந்தால் அமுங்கும், பிறகு நிமிரும். அதன் இறுக்கத்தை நாங்கள் கேஜியில் சொல்வோம். மூன்று கேஜி என்றால் இளக்கம், ஐந்து கேஜி என்றால் இறுக்கம், எட்டு கேஜி என்றால் பல் ஆடும்.

ஸ்வே பார் என்பது இடது சக்கரத்தையும் வலது சக்கரத்தையும் குறுக்கே இணைக்கும் இரும்புக் கம்பி. நேர் ரோட்டில் அதற்கு வேலையே இல்லை. இரண்டு சக்கரமும் சேர்ந்து ஒரு மேட்டில் ஏறி இறங்கினாலும் அது சும்மாதான் கிடக்கும். வளைவில் கார் ஒரு பக்கமாகச் சாயும்போது மட்டும் முறுக்கிக்கொண்டு, சாயாதே என்று பிடிக்கும். அதிகமாகப் பிடித்தால் அந்தப் பக்கத்து டயர் ரோட்டைப் பிடிப்பதை விட்டுவிடும். முன் டயர் விட்டால் கார் திரும்பாது. பின் டயர் விட்டால் வால் சுற்றிக்கொண்டு முன்னால் வந்துவிடும். சார் புல்லில் பார்த்தது இந்த இரண்டாவது வகை.

3. கார் அக்காவின் பெயரில் இருந்தது

குணசேகரன் சார் தாப்பா பக்கத்தில் ஒரு தமிழ்ப்பள்ளியில் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். வேலையில் இருந்த காலம் முழுக்க அறுபது கிலோமீட்டருக்கு மேல் ஓட்டாத மனிதர். ஓய்வு பெற்றதற்கு அவருடைய பழைய மாணவர்கள் விருந்து வைத்தார்கள். விருந்தோடு விட்டிருக்கலாம். அவர்களில் நாலைந்து பேர் காரை டிராக்கில் ஓட்டுகிறவர்கள். ஒருநாள் சாரையும் கூட்டிக்கொண்டு போய், பக்கத்தில் உட்காரவைத்து இரண்டு சுற்று சுற்றிவிட்டார்கள். மறுவாரம் சார் வீட்டுக் காரோடு போய் வரிசையில் நின்றார்.

தைப்பூசத்துக்கு ஒரு மாதம் முன்பு அவரும் மனைவி பவானி அக்காவும் கடைக்கு வந்தார்கள். சார் ஒரு நோட்டுப் புத்தகத்தில் எந்த வளைவில் கார் எவ்வளவு சாய்கிறது என்று படம் போட்டுக் கொண்டுவந்திருந்தார். பாடத்திட்டம் மாதிரி சிவப்பு மை, நீல மை எல்லாம் இருந்தது. அவர் திறப்பதற்குள் அக்கா பேசிவிட்டார்.

"இங்க பாரு தேவகி. எனக்கு முதுகுல டிஸ்க் வெலகியிருக்கு. வாரத்துக்கு ரெண்டு தடவ ஈப்போவுக்கு பிசியோவுக்கு வாரேன். எங்க வீடு சுங்காய்ல, பழைய தோட்டத்துக்குள்ள. கித்தாமரம் இருந்தப்ப ரோடு ஒழுங்கா இருந்துச்சு. இப்போ செம்பனை லாரி ஓடி ஓடி, குழி ஒரு பக்கம், லாரிய மெதுவா ஓட்டச் சொல்லிப் போட்ட பொங்கோல் ஒரு பக்கம். மொத்தம் பதினேழு பொங்கோல். நான் எண்ணியிருக்கேன்."

கித்தாமரம் ரப்பர் மரம், செம்பனை எண்ணெய்ப் பனை, பொங்கோல் என்பது ரோட்டின் குறுக்கே போடும் வேகத்தடை. பதினேழையும் அவர் முதுகு எண்ணியிருக்கிறது என்பது முகத்திலேயே தெரிந்தது.

"காடி என் பேர்ல இருக்கு. இவர் எந்த டிராக்லயும் போய் எப்படியும் சுத்தட்டும். ஆனா நீங்க போடுற சாமானால என் முதுகு வலிச்சுச்சு, அன்னைக்கே காடி என் தம்பிக்கு. காம்பார்ல இருக்கான். இப்பவே கேட்டுக்கிட்டுதான் இருக்கான்."

அக்கா தண்ணீர் குடிக்க உள்ளே போனதும் சார் என் பக்கம் சாய்ந்தார்.

"தேவகி, விளையாட்டுக்குச் சொல்றேன்னு நினைக்காத. பள்ளிக்கூடத்த விட்டு வந்தப்புறம் காலையில எதுக்கு எந்திரிக்கிறேன்னே எனக்குத் தெரியல. மணி அடிக்கிற நேரத்துக்கு முழிப்பு வரும். எந்திரிச்சு உட்கார்ந்து சுவரப் பார்ப்பேன். இப்போ இந்தக் காடி இருக்கு. ராத்திரி படுக்கிறப்பவே வளைவு வளைவா ஓட்டிப் பார்க்கிறேன். இது போச்சுன்னா எனக்கு வேற ஒன்னும் இல்ல மா."

நானும் ஒருநாள் இந்தக் கடையை விட்டுப் போக வேண்டியவள்தானே. "பார்த்துக்கலாம் சார்" என்று சொன்னேன். சொல்லும்போது ஸ்பிரிங் அக்காவின் தலைக்கனம் அவ்வளவும் அதில் இருந்தது.

4. சாமி தேங்காயைக் கீழே வைக்கக் கூடாது

சாமான் வந்து சேர்ந்து, கார் வேலைக்கு வந்தது தைப்பூசத்துக்கு நான்கு நாள் இருக்கும்போது. காரை ஹாய்ஸ்டில் தூக்குவதற்கு முன், பின்னால் சாமான் வைக்கும் பூத்தைத் திறந்தேன். ஸ்பிரிங்கோடு சேர்ந்து குலுக்கலை அடக்கும் பின் அப்சாபரின் தலை நட்டு அங்கேதான் இருக்கும். உள்ளே நான்கு சாக்கு தேங்காய்.

ஈப்போவில் அந்த வாரம் எந்தத் தமிழர் காரின் பூத்தைத் திறந்தாலும் தேங்காய் இருக்கும். ஊர்வலத்தில் ரதத்துக்கு முன்னால் உடைக்க நேர்ந்துகொண்டது. எனக்கு அது வியப்பாகவே படவில்லை.

"எத்தன சார்?" என்று கேட்டேன்.

சார் சுற்றிலும் பார்த்தார். அக்கா தூரத்தில் நாற்காலியில் இருந்தார்.

"இருநூத்திப் பதினாறு. பவானி முதுகு நல்லாகணும்னு நூத்தியெட்டு."

"இன்னொரு நூத்தியெட்டு?"

"டிராக்ல ஒரு சுத்து ஓடுற லேப் டைம் ரெண்டு செகண்ட் கொறையணும்னு. அவகிட்ட சொல்லிடாத."

தவுக்கே கையைத் துடைத்துக்கொண்டே வந்தார். அவர் தமிழ் எங்கள் கடையிலேயே கற்றுக்கொண்ட தமிழ்.

"தேவகி, இந்தத் தேங்கா எல்லாம் எறக்கி வை லா. வெயிட் இருக்கு. அப்புறம் பாரு."

இப்போது நினைத்தாலும் எனக்கு வெட்கமாக இருக்கிறது. அந்தக் கடையில் அன்றைக்குச் சரியான வார்த்தையைச் சொன்ன ஒரே ஆள் அவர்தான். நான் இடுப்பில் கை வைத்துக்கொண்டு அவர்மேல் பாய்ந்தேன்.

"என்னா தவுக்கே, சாமிக்கு நேர்ந்த தேங்காயப் போயி இந்தத் தரையில வைக்கச் சொல்றீங்க? ஆயில் இருக்கு, கிரீஸ் இருக்கு, உங்க செருப்பு இருக்கு!"

தவுக்கே இரண்டு கையையும் தூக்கிவிட்டார். "ஐயோ, சாரி லா, சாரி. உன் சாமி, உன் தேங்கா." சாக்கைப் பார்த்து ஒரு கும்பிடும் போட்டுவிட்டு நகர்ந்தார். உடன் வேலை செய்த இரண்டு பேரும் என்னைப் போலவே விரதம். அவர்களும் தலையை ஆட்டினார்கள். ஒரு சாக்கைக்கூட அசைக்காமல், பயபக்தியோடு, இடுக்கில் கையை விட்டு நட்டைக் கழற்றினோம்.

நட்டைத் தொடும் முன் நாங்கள் சக்கரத்துக்கும் மட்கார்டுக்கும் நடுவே விரலை வைத்து உயரம் பார்ப்பது வழக்கம். முன்னால் மூன்று விரல் போனது. பின்னால் ஒன்றரை விரல்தான்.

"சார், பின் ஸ்பிரிங் களைச்சுப் போச்சு. உட்கார்ந்துடுச்சு பாருங்க" என்றேன்.

பூத்தில் கிட்டத்தட்ட நூற்று நாற்பது கிலோ உட்கார்ந்திருந்தது. ஸ்பிரிங் களைத்துப்போனதாக நான் தீர்ப்புச் சொல்லிவிட்டேன்.

அதன்படியே கணக்குப் போட்டேன். முன்னால் நான்கு கேஜி. உட்கார்ந்துபோன பின்பக்கத்தைத் தூக்க ஐந்து கேஜி. பின்னால் புதிதாக ஒரு ஸ்வே பார். அதன் இரண்டு நுனியிலும் மும்மூன்று ஓட்டை இருக்கும். பாரைச் சக்கரத்தோடு இணைக்கும் லிங்கை நுனி ஓட்டையில் மாட்டினால் இளக்கம், உள்ளே போகப் போக இறுக்கம். ஓட்டிப் பார்த்தபோது பின்பக்கம் கனமாகச் சாய்ந்ததால் உள் ஓட்டையில் மாட்டினேன். உயரத்தையும் நான்கு சக்கரத்துக்கும் சமமாக வைத்தேன்.

பிறகு அக்காவைப் பின்சீட்டில் உட்காரவைத்துத் தம்புன் வரைக்கும் போய் வந்தோம். சுண்ணாம்பு மலை ஓரத்து ரோட்டில் ஒரு குழியையும் நான் விடவில்லை. அக்கா கண்ணை மூடிக்கொண்டார்.

"ஆட்டமே தெரியல. மெத்தையில படுத்த மாதிரி இருக்கு தேவகி. நீ கெட்டிக்காரி."

நான் அன்றைக்கு வீட்டுக்கு நடந்து போகவில்லை, மிதந்து போனேன்.

5. போகும்போது ஒன்று, வரும்போது ஒன்று

சார் புல்லில் நின்ற சனிக்கிழமைக்கு அடுத்த திங்கள் கார் கடைக்கு வந்தது. பின்சீட்டிலிருந்து அக்கா ஒரு கையால் கதவையும் ஒரு கையால் இடுப்பையும் பிடித்துக்கொண்டு இறங்கினார். என்னைப் பார்த்துச் சிரிக்கவில்லை.

"காடி என் தம்பிக்குத்தான். உன்கிட்ட சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன்."

சார் காருக்கு அந்தப் பக்கம் நின்று கூரையைத் தடவிக்கொண்டிருந்தார். "அக்கா, ஒரு மணி நேரம் குடுங்க" என்று கெஞ்சி அவரை மின்விசிறிக்குக் கீழே உட்காரவைத்தேன்.

காரை ஏற்றி எல்லாவற்றையும் பார்த்தேன். போல்ட் இறுக்கம் சரி. புஷ் சரி. லிங்க் சரி. அலைன்மென்ட் சரி. நான் நம்பாமல் தவுக்கேயைக் கூப்பிட்டேன். அவரும் பார்த்து எல்லாம் சரி என்றார். காரைக் கீழே இறக்கி விரலை வைத்தேன். முன்னால் இரண்டு. பின்னால் மூன்றுக்கு மேல். கார் மூக்கைத் தரையில் வைத்து வாலைத் தூக்கிக்கொண்டு நின்றது. நான் சமமாக வைத்தேனே, யார் தொட்டது என்று சாரையே சந்தேகமாகப் பார்த்தேன்.

அக்கா நாற்காலியிலிருந்தே பேசினார்.

"தைப்பூசத்தன்னைக்குக் கோயிலுக்குப் போறப்ப நல்லாதான் இருந்துச்சு. பதினேழு பொங்கோலும் தெரியல. வர்றப்பதான் ஆள் மாறிப்போச்சு. ஒவ்வொன்னும் நடு முதுகுல விழுந்துச்சு."

"போறப்பவும் வர்றப்பவும் ஒரே ரோடுதானே கா? என்ன வித்தியாசம்?"

"என்ன வித்தியாசம்? போறப்ப தேங்கா இருந்துச்சு. வர்றப்ப இல்ல."

பக்கத்தில் நின்ற இன்னொரு காருக்குக் கீழே படுத்திருந்த தவுக்கே மெல்ல வெளியே வந்தார். எழுந்திருக்கவில்லை, படுத்தபடியே என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். ஏதோ கொதிப்பது போல அவர் வயிறு குலுங்க ஆரம்பித்தது. பிறகு சிரித்தார் பாருங்கள், அப்படி ஒரு சிரிப்பு. பக்கத்தில் கிடந்த டயரைப் பிடித்துக்கொண்டு எழுந்து, அதிலேயே உட்கார்ந்து, கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தார்.

"நான் சொன்னேன்ல? எறக்கி வைன்னு சொன்னேன்ல? நீ என்னைய ஏசின! தேங்காய்க்கு ஸ்பிரிங் போட்டுட்ட தேவகி!"

அப்படித்தான் ஆகியிருந்தது. காரைப் பார்க்காமல் தேங்காயைப் பார்த்து ஸ்பிரிங் எடுத்திருக்கிறேன். தேங்காய் சாமிக்குப் போய்விட்டது. ஐந்து கேஜி ஸ்பிரிங்கும் இறுக்கிய பாரும் தேங்காய் போன பூத்துக்குக் கீழே மிச்சம். தேங்காய் இல்லாத காரின் எடைக்கு அந்த ஸ்பிரிங் அமுங்கவே இல்லை, அதனால் குழியெல்லாம் நேரே அக்காவின் முதுகுக்குப் போயிற்று. டிராக் வளைவிலோ முன்பக்கத்தைவிடப் பின்பக்கம் விறைப்பாக நின்று, டயர் பிடியை விட்டு, சாரைப் புல்லில் கொண்டுபோய் வைத்துவிட்டது. இரண்டு பேருக்கும் வந்த வினை ஒன்றுதான், செய்தது நான்தான்.

நான் அக்காவின் முன்னால் போய் நின்றேன். "தப்பு என்னோடது கா. சாருது இல்ல, காடியோடதும் இல்ல. வெயிட்ட எறக்காம அளந்தது நான்."

"தேங்காயா அவ்வளவு வெயிட்டு? நூத்தியெட்டுதானே?"

"இருநூத்திப் பதினாறு கா" என்றேன். சொல்லி முடித்த பிறகுதான் நாக்கைக் கடித்தேன்.

அக்கா மெதுவாகச் சாரின் பக்கம் திரும்பினார். "இன்னொரு நூத்தியெட்டு யாருக்கு?"

முப்பத்து மூன்று வருடம் மாணவர்களை நிற்கவைத்துக் கேள்வி கேட்ட மனிதர், கையைக் கட்டிக்கொண்டு நின்றார். "லேப் டைமுக்கு."

"என் முதுகுக்கும் நூத்தியெட்டு, உங்க லேப் டைமுக்கும் நூத்தியெட்டா?"

"கூட கொறைய வைக்கல பவானி. சமமாதான் வச்சேன்."

தவுக்கே மறுபடியும் டயரில் உட்கார்ந்துவிட்டார். அக்கா உதட்டை இறுக்கிக்கொண்டுதான் இருந்தார், ஆனால் தோள் குலுங்கிவிட்டது. சிரித்ததில் முதுகு பிடித்து, "ஐயோ அம்மா" என்று மறுபடியும் சிரித்தார்.

"சரி, இன்னும் ஒரு தடவ. அடுத்த டிராக் நாளுக்கு நானும் கூட வாரேன். என் தம்பியையும் அங்க வரச் சொல்றேன். வலிச்சுச்சுன்னா சாவிய அங்கேயே வாங்கிட்டுப் போயிடுவான்."

6. பதினேழு பொங்கோல்

இந்தத் தடவை நான் பூத்தில் ஒரு துரும்பைக்கூட விடவில்லை. இரண்டு குடை, ஒரு மூட்டை அரிசி, செருப்பு நான்கு ஜோடி, எல்லாவற்றுக்கும் அடியில் ஓய்வு பெற்றபோது பள்ளி அன்பளிப்பாகக் கொடுத்த பழைய இரும்பு மணி. அதை இரண்டு பேர் சேர்ந்துதான் தூக்கினோம். சார் அதை எப்போதும் கூடவே வைத்துக்கொண்டு சுற்றியிருக்கிறார். "எறக்குறதுக்கு மனசு வரல" என்றார். இறக்கிவைத்தோம்.

பிறகு சாரை ஓட்டுநர் சீட்டிலும் அக்காவைப் பின்சீட்டிலும் உட்காரவைத்துவிட்டு அளந்தேன். தினமும் அந்தக் கார் சுமக்கும் எடை அதுதான். பின் ஸ்பிரிங்கை மூன்று கேஜிக்கு மாற்றினேன். ஸ்வே பாரை நுனி ஓட்டைக்குக் கொண்டுவந்தேன். பொங்கோலில் இரண்டு சக்கரமும் சேர்ந்து ஏறும்போது பார் குறுக்கே வராது, ஸ்பிரிங் மட்டும்தான் வேலை செய்யும். அதனால் அக்காவின் முதுகுக்கு ஸ்பிரிங் இளக்கமாக இருந்தால் போதும். டிராக்குக்குப் போனதும் பாரை மட்டும் ஓட்டை மாற்றினால் சாருக்குச் சாய்மானம் குறையும். ரோட்டுக்கு ஸ்பிரிங், வளைவுக்கு பார். இவ்வளவு எளிய விஷயத்தை முதல் தடவையே செய்திருந்தால் தவுக்கே அந்தச் சிரிப்பைச் சிரித்திருக்க மாட்டார்.

சுங்காய்க்கு நானே போனேன். சாரை வீட்டு வாசலில் விட்டுவிட்டு நான் ஓட்டினேன், அக்கா பின்னால். இரண்டு பக்கமும் செம்பனை. முன்னால் லாரி கிளப்பிய செம்மண் புழுதி. ஒவ்வொரு பொங்கோலுக்கும் அக்கா குரல் கொடுக்க வேண்டும் என்பது ஏற்பாடு.

"ஒன்னு, வலிக்கல. ரெண்டு, வலிக்கல. மூணு... போ, போ. நாலு. அஞ்சு, அம்மாடி!"

முதல் ஓட்டத்தில் ஐந்தும் பன்னிரண்டும் வலித்தது. நிறுத்தி, பின் அப்சாபரின் திருகை இரண்டு கிளிக் இளக்கினேன். மறுபடியும் முதலிலிருந்து ஓட்டினோம். ஐந்தின் வலி ஓடிப்போயிற்று. பன்னிரண்டு மட்டும் இன்னும் இடித்தது. மறுபடியும் ஒரு கிளிக். மறுபடியும் இடித்தது. நான் நொந்துபோய் இறங்கிப் போய்ப் பார்த்தால், பன்னிரண்டாவது பொங்கோலை ஒட்டி லாரியிலிருந்து விழுந்த ஒரு செம்பனைக் குலை கிடந்தது. மூன்று தடவையும் அதன்மேல்தான் ஏற்றியிருக்கிறேன்.

"ஸ்பிரிங் அக்காவாம்! கண்ணு அக்கா யாரு?" என்று அக்கா பின்சீட்டில் கிடந்து சிரித்தார்.

குலையை உருட்டி ஓரத்தில் தள்ளினேன். கடைசி ஓட்டத்தில் பதினேழும் வலிக்கவில்லை. ஆனாலும் அக்கா பிடிகொடுக்கவில்லை. "இது ரோடு. டிராக் நாளன்னைக்குத்தான் முடிவு" என்று சொல்லிவிட்டார்.

7. சாவி

டிராக்குக்கு நெடுஞ்சாலையில் தெற்கே இரண்டரை மணி நேரம். நானும் தவுக்கேயும் கடையை மூடிவிட்டுப் பின்னாலேயே போனோம். தவுக்கே வரவேண்டிய அவசியம் இல்லை. "இந்த ஷோ நான் விட மாட்டேன்" என்று ஏறிக்கொண்டார்.

அக்காவின் தம்பி முரளி எங்களுக்கு முன்பே வந்து நின்றார். நல்ல மனிதர்தான், ஆனால் அவர் காரைச் சுற்றிச் சுற்றிப் பார்த்த விதம் எனக்குப் பிடிக்கவில்லை. சார் அவரிடம் கைகொடுத்துவிட்டு, யாரிடமும் பேசாமல் கையுறையைப் போட்டார், கழற்றினார், மறுபடியும் போட்டார்.

நான் காருக்குக் கீழே போய் இரண்டு பக்கத்து லிங்கையும் நடு ஓட்டைக்கு மாற்றினேன். பூத்தை மூன்று தடவை திறந்து பார்த்தேன். காலி.

சார் போனார். முதல் சுற்று பயந்து பயந்து ஓட்டினார். இரண்டாவது சுற்றில், போன தடவை சுற்றிக்கொண்ட அந்த வளைவு வந்தது. நான் தவுக்கேயின் கையைப் பிடித்துக்கொண்டேன். கார் கொஞ்சம் சாய்ந்து, உட்கார்ந்து, கோடு போட்டது போல வெளியே வந்தது. நான் அங்கேயே குதித்தேன். ஐம்பத்தாறு வயதில் குதிப்பது முட்டிக்கு நல்லதில்லை. நான்காவது சுற்றில் சார் இரண்டு பேரை முந்தினார். பழைய மாணவர்கள் வாத்தியாருக்கு வழி விட்டார்களா, நிஜமாகவே முந்தினாரா, எனக்குத் தெரியாது. நான் விசாரிக்கவும் இல்லை.

உள்ளே வந்து நிறுத்தியதும் அக்கா போய் ஓட்டுநருக்குப் பக்கத்துக் கதவைத் திறந்தார்.

"முதுகு என்னோடது. நான் உட்காராம எப்படி முடிவு சொல்றது?"

ஹெல்மெட்டுக்குள் கொண்டை போகவில்லை. அக்கா கொண்டையை அவிழ்த்துவிட்டார். முரளி, "அக்கா, வேணாம் கா" என்றார். அதற்குள் கார் நகர்ந்துவிட்டது.

அந்த மூன்று சுற்று எனக்கு மூன்று வருடம். சார் மெதுவாகப் போவார் என்று நினைத்தேன், போகவில்லை. ஒவ்வொரு தடவை எங்களைத் தாண்டும்போதும் உள்ளே அக்காவின் தலை நேராக இருந்தது. கையை உயர்த்தவும் இல்லை, அசைக்கவும் இல்லை. தவுக்கே வாய்க்குள் ஏதோ முணுமுணுத்தார், அவருக்குத் தெரிந்த சாமியிடம் சொல்லியிருப்பார். இத்தனை வருடத்தில் நான் கற்ற பாடம் ஒன்றுதான் அப்போது மனதில் ஓடியது. காரை அளப்பதற்கு முன்னால் அதில் யார் உட்காருகிறார்கள், எந்த ரோட்டில் போகிறார்கள், எதைச் சுமக்கிறார்கள் என்று கேள். கேட்டுவிட்டு, சாமியே ஏறி உட்கார்ந்திருந்தாலும் கொஞ்சம் இறங்கச் சொல்லிவிட்டு அள. தொழிலுக்கு வருகிறவர்களுக்கு இதைவிடப் பெரிதாகச் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை.

கார் வந்து நின்றது. சார் இன்ஜினை அணைத்துவிட்டு ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தார். முரளி கிட்டே போய்க் கையை நீட்டினார்.

"அக்கா, சாவி?"

அக்கா கண்ணாடியை இறக்கினார்.

"டேய், இந்த ரோட்டப் பாருடா. ஒரு குழி இல்ல, ஒரு பொங்கோல் இல்ல. எட்டு மாசமா என் முதுகு இப்படி சும்மா கிடந்ததே இல்ல. இந்த மனுசன் இப்படி ஒரு ரோட்ட வச்சுக்கிட்டு என்னைய தோட்டத்து ரோட்லயே கூட்டிட்டுப் போயிருக்காரு!"

சார் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். சிரிக்கிறாரா அழுகிறாரா என்று ஹெல்மெட்டுக்குள் தெரியவில்லை. அக்கா அவரைக் கவனிக்கவே இல்லை. என்னைக் கூப்பிட்டார்.

"தேவகி, அந்தக் கடைசி வளைவுல இன்னும் சாயுது. பார்ல இன்னொரு ஓட்டை இருக்குதானே? அதுல மாட்டு. நான் எறங்கல, இப்படியே உட்கார்ந்திருக்கேன்."

நான் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு காருக்குக் கீழே போனேன்.